கறுப்பியின் பிஸ்டன்

வெண்டோவர், யூட்டா
அக்டோபர் 14, 2007

அன்புள்ள ஸ்டெஃபா அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதுவே எனக்குப் பெரிய விஷயம். நான் இங்கே நலம். இடது முழங்கால் மடங்காது, அவ்வளவுதான். நீயும் மிக்கோலா அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லேத் பட்டறையை இன்னும் நீதான் நடத்துகிறாய் என்று யாரோ சொல்லக் கேட்டேன். அறுபத்து மூன்று வயதில் உன்னை வீட்டில் உட்கார வைக்க அத்தானால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்காதே. போனில் நமக்கு ஆகாது. எட்டு வருடத்துக்கு முன் கடைசியாகப் பேசினோமே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "ஆக்சிலேட்டர விடாம பிடிச்சிருப்ப, பாவி! மைலுக்கு ஒருதரம் மூடித் தொறடா, பிஸ்டன் கொஞ்சம் எண்ணெய் குடிக்கட்டும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? இனிமே உன் வண்டிக்கு என் கையால ஒரு நட்டுகூட முடுக்க மாட்டேன்" என்றாய். நான் "ஆமாக்கா" என்றேன். நீ வைத்துவிட்டாய்.

நீ சொன்னதில் தப்பில்லை. உன் பேச்சைக் கேட்காமல் ஓட்டினேன், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி எஞ்சின் பிடித்துக்கொண்டது, பின் சக்கரம் நின்றது, நான் பறந்தேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இப்போது ஒரு காரியம் கேட்கிறேன். கறுப்பி இங்கே என் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறாள். அப்பா நமக்கு விட்டுப்போன ஐம்பத்து மூன்றாம் வருடத்து மோட்டார் சைக்கிளை விற்க எனக்கு மனம் வரவில்லை. வருகிற ஆகஸ்டில் இந்த ஊர் உப்புச் சமவெளியில் நடக்கும் வேக ஓட்டத்தில் அவளை ஒரே ஒருமுறை ஓட்ட வேண்டும். வேகத்தில் பேர் வாங்குவதற்காக இல்லை. இந்த வலது கை ஒருதரமாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சால்ட் லேக் சிட்டியில் சிலிண்டரை உள்ளே கடைந்து சரிசெய்ய நாலு கடை இருக்கிறது. அங்கே கொடுக்கக் கை வரவில்லை. நீ செய்து தருவாயா?

உன் தம்பி
ஸ்லாவ்கோ

•

கனோரா, சஸ்காச்சுவான்
நவம்பர் 2, 2007

அன்புள்ள தம்பி ஸ்லாவ்கோவுக்கு,

வெளியே மைனஸ் ஒன்பது. இந்த ஊரில் யார் எதை எழுதினாலும் குளிரைத்தான் முதலில் எழுதுவோம். நீ மறந்திருப்பாய், உனக்கென்ன, வருடம் பூரா வெயில்.

உன் கடிதத்தை அடுப்பில்தான் போடப் போனேன். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷங்கழிச்சு எழுதியிருக்கான். படிச்சிட்டு எரி, யாரு வேணாங்கிறா?" என்றார். படித்தேன். பிறகு எரிக்க முடியவில்லை. அந்த மனுஷனுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும்.

எட்டுக் கிறிஸ்துமஸ் போயிற்று, ஒரு வாழ்த்து அட்டை உண்டா? நானும் அனுப்பவில்லைதான். ஆனால் நான் அக்கா, கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. உனக்கு என்ன வந்தது?

சரி. சிலிண்டரையும் பழைய பிஸ்டனையும் அனுப்பு. பழையதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், நம் குடும்பத்தில் யாரும் எதையும் தூக்கிப் போட்டதில்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களில் நீ பளபளவென்று ஒரு கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தாயே, அதைச் சுரண்டிவிட்டு அனுப்பு. அந்தத் தகடுகள் அழகுக்கு நிற்கின்றன என்றா நினைத்தாய்? அது தண்ணீர் இல்லாத எஞ்சின், அதற்குக் காற்றுதான் தண்ணீர். பிஸ்டன் தன் சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கொடுக்கும், சுவர் ஃபின்னுக்கு, ஃபின் காற்றுக்கு. நீ பெயின்டைத் தடியாக அடித்தால் அவளுக்குக் கம்பளி போர்த்தி ஓடச் சொன்ன மாதிரி. உன் உப்பு வேறு நாலாயிரம் அடி உயரத்தில் கிடக்கிறது. மெலிந்த காற்று, குளிர்விக்கும் சக்தி குறைவு.

நட்டு முடுக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். சிலிண்டரும் பிஸ்டனும் நட்டு இல்லை.

அக்கா
ஸ்டெஃபா

•

வெண்டோவர்
நவம்பர் 25, 2007

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். நீ திட்டுவதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

பெட்டி நேற்றுத் தபாலில் கிளம்பிவிட்டது. ஃபின்களை மூன்று நாள் சுரண்டினேன். பக்கத்து வீட்டு துவைன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, பழைய இரும்புக்குப் பல்லு வெளக்கி விடுறியா?" என்று கேட்டான். அவன் நல்லவன். ஆகஸ்டில் அவனுடைய பிக்கப் வண்டிதான் என்னைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பிவிடப் போகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஓட்டம் நினைவில் இல்லை. முதல் மைல் கம்பம் தாண்டியது தெரியும். அதன் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மைலில் விழுந்தேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருப்பாய் என்று நீ சொன்னாய். எஞ்சினைப் பற்றி நீ சொல்லித் தப்பானதே கிடையாது. அதனால் ஆமாம் என்றேன். இந்த எட்டு வருடமும் என் வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் பிறத்தியார் கை மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பதினோரு வருடம், ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன். கால் ஆறியதும் அவர்களே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். அந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் கிடையாது, இடது கால் தேவையே இல்லை. நான்தான் மாட்டேன் என்றேன். முப்பத்தாறு பிள்ளைகள் அக்கா. அக்கா சொன்னதையே கேட்காத கை, சிவப்பு விளக்கு சொன்னால் கேட்குமா? இப்போது ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். விரிப்பால் யாருக்கும் அடிபடாது.

உப்பு இப்போது ஈரமாகக் கிடக்கிறது. மேலே ஒரு விரல் தண்ணீர் நிற்கிறது, மலைகள் அதில் தலைகீழாக நிற்கின்றன. இருபத்து நாலு வருடமாக இங்கே இருக்கிறேன், இன்றைக்கும் வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்க்கிறேன். இவ்வளவு பெரிய இடத்தில் நமக்கு என்ன வேலை என்று தோன்றும்.

துடைப்பக் கட்டையை மேசையில் பூட்டிய வைஸ் கிடுக்கியில் கவ்வவிட்டு, ஆக்சிலேட்டர் என்று நினைத்துப் பழகுகிறேன். நூற்றெட்டு மைல் வேகத்தில் ஒரு மைலுக்கு முப்பத்து மூன்று விநாடி. எண்ணி, மூடி, திறக்கிறேன். துவைன், "தொடப்பத்துல எங்க போற? சிக்காகோவா? ரெண்டு பேருக்கு எடம் இருக்கா?" என்கிறான்.

உன் தம்பி
ஸ்லாவ்கோ

•

கனோரா
ஜனவரி 10, 2008

அன்புள்ள தம்பிக்கு,

வெளியே மைனஸ் இருபத்து மூன்று. பட்டறைக்குள் இருபது, ஹீட்டர் ஜோராக ஓடுகிறது.

நம் கிறிஸ்துமஸ் விருந்து வழக்கம்போல ஜனவரி ஆறாம் தேதி முடிந்தது. பன்னிரண்டு பதார்த்தமும் செய்தேன். கோதுமையும் தேனும் கலந்த குத்யாவை அத்தான் ஒருவரே பாதி காலி செய்தார். இறந்துபோனவர்களுக்கென்று மேசையில் ஒரு காலித் தட்டு வைப்போமே, அதை எட்டு வருடமாக நான் உன்னை நினைத்துத்தான் வைத்தேன், கோபத்தில். இந்த வருடம் வைக்கும்போது கை கூசியது.

சிலிண்டர் வேலை பாதி முடிந்துவிட்டது. பழைய பிஸ்டனைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் இல்லை, சுற்றிவர நாலு இடத்திலும் ஒரே மாதிரி உராய்ந்து அப்பிக் கிடக்கிறது. சூடு தாங்காமல் வீங்கியிருக்கிறது. விடாமல் பிடித்தால் இப்படித்தான் ஆகும். பழைய கதை, விடு.

புதுப் பிஸ்டன் வந்ததும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாற்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மனசு ஒரு நிமிஷம் நின்று போகிறது. பிஸ்டன் வட்டமே இல்லை, ஸ்லாவ்கோ! கண்ணுக்கு வட்டம், அளவுக்கு முட்டை. தலைப்பக்கம் சின்னது, அடிப்பக்கம் பெரியது. ஏனென்றால் நெருப்பு தலையில்தான் எரிகிறது, தலை அதிகம் வீங்கும். எந்த இடம் எவ்வளவு வீங்கும் என்று கணக்குப் போட்டு, குளிரில் கோணலாகவே செய்து வைத்திருக்கிறார்கள். முழு வேகத்தில், முழுச் சூட்டில், யாராலும் எட்டிப் பார்க்க முடியாத இருட்டுக்குள்தான் அது வட்டமாகிறது. இதை அத்தானிடம் சொன்னேன். "புதுசுன்னு வாங்கினது வட்டமாக்கூட இல்லையா? திருப்பி அனுப்புடி!" என்கிறார். இவரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஐந்து தௌ இடைவெளி விடுகிறேன். ஒரு அங்குலத்தை ஆயிரமாகக் கிழித்தால் அதில் ஐந்து. பக்கத்துக்கு இரண்டரைதான் வரும். உன் தலைமுடி ஒன்றைக்கூட அதில் நுழைக்க முடியாது, முடி மிச்சம் இருந்தால். குறைந்தால் வீங்கிப் பிடித்துக்கொள்ளும், கூடினால் தடதடவென்று ஆடும். அந்த இரண்டரையில்தான் உன் உயிர் இருக்கிறது. இந்த முறையாவது மூடித் திற.

அக்கா
ஸ்டெஃபா

•

வெண்டோவர்
ஜனவரி 27, 2008

அன்புள்ள அக்கா,

குத்யா என்று எழுதிவிட்டாய், எனக்கு இங்கே நாக்கு ஊறுகிறது. தட்டு வைத்ததற்குக் கோபமில்லை. எனக்கு இடம் வைத்திருந்தாயே, அது போதும்.

கை நூறு தடவைக்கு நூறும் சரியாக மூடித் திறந்துகொண்டிருந்தது. முந்தாநாள் ஒருதரம் எண்ணிக்கை தப்பி, முப்பத்தெட்டில்தான் மூடினேன். அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஐந்து விநாடி அக்கா! அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட எண்ணூறு அடி. துவைன், "யோவ், அது தொடப்பம்யா" என்று தோளைப் பிடித்து உலுக்கினான்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் கை மறுபடி ஏமாற்றினால் கறுப்பியை விற்றுவிடுவேன். என் காரையும் விற்றுவிடுவேன். சலவை அறை நடக்கிற தூரம்தான்.

நீ ஆகஸ்டில் இங்கே வா. உன் அளவு தப்பி நான் பார்த்ததே இல்லை. எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. கையைப் பற்றித்தான்.

உன் தம்பி
ஸ்லாவ்கோ

•

கனோரா
பிப்ரவரி 9, 2008

என் தம்பி ஸ்லாவ்கோவுக்கு,

வெளியே மைனஸ் இருபத்தொன்பது. எழுத உட்கார்ந்து மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வேலை முடிந்து, சிலிண்டரையும் பிஸ்டனையும் பெட்டியில் வைத்துப் பின்பக்க ஷெட்டில் வைத்திருந்தேன், திங்கட்கிழமை தபாலில் சேர்க்க. சனிக்கிழமை காலையில் மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருதரம் அளந்துவிடலாம் என்று அங்கேயே, அந்தக் குளிரிலேயே பிரித்து அளந்தேன். ஆறரைக்கு மேல் காட்டியது. பட்டறையில் ஐந்து விட்டவள் நான். ஐயோ, கை போய்விட்டதா, கண் போய்விட்டதா என்று மறுபடி அளந்தேன். அதேதான்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேசையில் வைத்தேன். அத்தான், "சாப்பிடற எடத்துல எஞ்சினா? போர்ஷ்ட் சூப்ப எங்க வெக்கிறதாம், என் தல மேலயா?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மணிக்கு ஒருதரம் அளந்தேன். ஆறரை, ஐந்தே முக்கால், சாயங்காலம் ஐந்து. யாரும் தொடாமலே, மேசை மேல் சும்மா உட்கார்ந்தபடி, அந்த இரும்பும் அலுமினியமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மாடிக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்தேன். நம் ஊர்ப் பழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் குளிரை முதலில் எழுதியிருப்பேன். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "1999 பிப்ரவரி 13. மைனஸ் 26. பின்பக்க ஷெட். ஹீட்டர் ஓடவில்லை. கறுப்பி இடைவெளி ஐந்து. சரி." சரி என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் பட்டறை நிறைய விவசாயிகளின் அறுவடை இயந்திரங்கள் கிடந்தன. அதனால் உன் வேலையைப் பின்பக்க ஷெட்டில் செய்தேன். இரண்டும் ஒரே குளிரில்தானே இருக்கிறது, ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டரின் இரும்பைவிட இரண்டு மடங்கு சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பேன். அன்றைக்குக் கை விறைத்திருந்தது, வீட்டுக்குள் போனால் போதும் என்றிருந்தது. சுருங்கின பிஸ்டனை அளந்து ஐந்து என்று எழுதிவிட்டேன். வீட்டுச் சூட்டில் அது மூன்றரைகூட இருந்திருக்காது. அதைத்தான் உன்னிடம் கொடுத்து ஆகஸ்ட் வெயிலில் ஓட்டச் சொன்னேன். நீ மைலுக்கு நாலுதரம் மூடித் திறந்திருந்தாலும் அது பிடித்துத்தான் இருக்கும்.

நீ விழவில்லை ஸ்லாவ்கோ. நான் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டுப் போனில் உன்னையே திட்டினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். எழுதாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். பெட்டியை அனுப்பினால் ஆயிற்று, இந்தத் தடவை எஞ்சின் ஓடும், நீயும் கை திருந்திவிட்டது என்று சந்தோஷப்படுவாய், எனக்கும் தம்பி கிடைப்பான். அப்புறம் அந்தத் துடைப்பக் கட்டையை நினைத்தேன். திருந்த என்னடா இருக்கிறது அந்தக் கையில்?

ஸ்டெஃபா

•

கனோரா
ஏப்ரல் 20, 2008

அன்புள்ள தம்பிக்கு,

வெளியே மைனஸ் இரண்டு. பனி உருகுகிறது.

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். பெட்டியை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். உள்ளே சிலிண்டரின் உள்ளளவு பார்க்கும் என் போர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் வைத்திருக்கிறேன். என் சொல்லை நம்பாதே. ஒரு பகல் ஒரு இரவு வீட்டுக்குள் வைத்திரு, பக்கத்தில் வெப்பமானி இருக்கட்டும், இருபது டிகிரியில் நீயே அளந்து பார். ஐந்து இல்லையென்றால் பூட்டாதே.

அத்தான் தினமும் தபால் பெட்டி வரை போய்விட்டு வந்து, வாக்கிங் போனேன் என்கிறார்.

அக்கா

•

வெண்டோவர்
மே 11, 2008

ஸ்டெஃபா அக்காவுக்கு,

பெட்டி வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. துவைனிடம் சொல்லிவிட்டுச் சிரித்தேன். அடுத்த நாள் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தேன், மடித்து முடியவேயில்லை. முதலாளியம்மா வந்து கையிலிருந்து வாங்கினாள். "வீட்டுக்குப் போ, ஸ்லாவ்கோ, ஒடம்பு நல்லாயிருந்தா வா" என்றாள்.

நீ அளந்தது தப்பு. அது யாருக்கும் நடக்கும். குளிரில் கை விறைத்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் அன்றைக்குப் போனில் ஒரு வார்த்தை, "தம்பி, என்னடா ஆச்சு?" என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியலையேக்கா என்று சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்ப்புச் சொன்னாய். நான் பஸ்ஸை விட்டேன். அந்த முப்பத்தாறு பிள்ளைகளில் பெரியவர்கள் படித்து முடித்து ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஒருத்திக்குக் குழந்தைகூடப் பிறந்துவிட்டது.

இன்னொன்று. உன் அளவு தப்பு என்பதால் என் கை சரி என்று ஆகிவிடுமா? இரண்டுமே தப்பாக இருந்திருக்கலாம். நீ தந்த பிஸ்டன் எப்படியும் பிடித்திருக்கும், சரி. ஆனால் நான் மூடினேனா, மூடவில்லையா? அதை உன் நோட்டு சொல்லாது. அது தெரியாமல்தான் நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் நீ வர வேண்டாம்.

ஸ்லாவ்கோ

•

வெண்டோவர்
செப்டம்பர் 7, 2008

அன்புள்ள ஸ்டெஃபா அக்காவுக்கு,

வெளியே முப்பத்து மூன்று, உன் டிகிரியில். வீட்டுக்குள் இருபத்து நாலு. நான் சொல்லப் போவதை இந்தச் சூட்டிலேயே படி.

ஜூலையில் பெட்டியைப் பிரித்தேன். நீ சொன்னபடி ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்து, ஏசியை இருபதுக்கு இறக்கி, கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். துவைன் வந்து, "வெளிய நெருப்பு கொட்டுது, உள்ள இவன் போர்வ போத்திக்கிட்டு இரும்புக்குக் காவல் இருக்கான்" என்று தலையில் அடித்துக்கொண்டான். அளந்தேன். ஐந்து. பன்னிரண்டு தடவை அளந்தேன். பன்னிரண்டும் ஐந்து. சந்தேகப்பட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே, நீதான் சந்தேகப்படச் சொன்னாய்.

ஆகஸ்டில் உப்பு காய்ந்து வெள்ளைவெளேரென்று கிடந்தது. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். எஞ்சினைப் போடவில்லை. காற்று ஓடாத இடத்தில் அவளைச் சும்மா எரியவிடக் கூடாது என்று நீ சொன்னது காதில் இருந்தது. இங்கிலீஷ் வண்டிக்குக் கியர் வலது காலில் இருப்பது என் அதிர்ஷ்டம், மடங்காத இடது கால் பாட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. துவைன் பிக்கப்பால் தள்ளினான். கறுப்பி ஒரு செருமல் செருமிவிட்டுப் பற்றிக்கொண்டாள்.

கிளம்பும் முன் ஒரு முடிவு எடுத்தேன் அக்கா. எண்ணக் கூடாது. எண்ணினால் அது மூளை செய்கிற வேலை. எண்ணாமல் போனால்தான் கை யாரென்று தெரியும். மனசுக்குள் சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு போனேன், வேண்டுமென்றே.

முதல் மைல் கம்பம் போயிற்று. வெள்ளை, வெள்ளை, வேறொன்றும் இல்லை. ஓரிடத்தில் அவள் சத்தம் மாறியது. யாருக்கும் தெரியாது, ஒரு நூல் அளவு தடித்தது, தொண்டை வறண்டவள் பேசுகிற மாதிரி. நான் இன்னும் பாட்டில் இருந்தேன். கை மூடிவிட்டது! நான் சொல்லவில்லை அக்கா, சத்தியமாக நான் சொல்லவில்லை. கை மூடியது, அவள் எண்ணெயை உறிஞ்சிக் குடித்தாள், சத்தம் மெலிந்தது, கை திறந்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டேன். என் கையை நானே ஹெல்மெட் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடுத்த மைலிலும் அதே மாதிரி. அதற்கடுத்ததிலும். மூன்றாவது மைல் கம்பம், நான் விழுந்த இடம், அது எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

எல்லாம் துடைப்பக் கட்டைப் பழக்கம் என்று நீ சொல்வாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். துடைப்பத்துக்கு ஏது சத்தம்? முப்பத்து மூன்று எண்ணத்தான் அது எனக்குக் கற்றுத் தந்தது. சத்தம் கேட்டு மூடுவதை இந்தக் கை அதற்கு முன்னாலேயே, விழுவதற்கு முன்னாலேயே, கறுப்பியிடமே கற்றிருக்கிறது. அன்றைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கும் மூடியிருக்கும். எனக்கு ஞாபகம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

ஓட்டம் முடிந்து எஞ்சினை நிறுத்தினேன். ஃபின்கள் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் போடுமே, அதைக் கேட்டுக்கொண்டு உப்பில் உட்கார்ந்து அழுதேன். துவைன் பதறி ஓடி வந்து, "அடிபட்டிருச்சா? எங்க? எங்கய்யா?" என்று என்னைத் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை, கை நல்லாயிருக்கு என்றேன். "கை நல்லாயிருந்தா எதுக்குய்யா அழுவுற?" என்றான். அவனுக்கு எப்படிச் சொல்வது?

வேகம் நூற்று நாலுதான். யார் கேட்டார்கள்?

போன வாரம் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனில் சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் நிறம், ஒரு கீறல் இல்லை. இதோடு அனுப்புகிறேன். உன் கருவிகளும் உள்ளே இருக்கின்றன. சமையலறையில் வைத்து அளந்து பார், அத்தான் சாப்பிட்டு முடித்த பிறகு.

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் தேடாதே, அதை நான் எழுதவில்லை. அந்தப் போனை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அது ஆற நாளாகும், ஆறட்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போய் நானே கேட்டேன். கண்ணைச் சோதித்தார்கள், காலைச் சோதித்தார்கள், பஸ்ஸை ஊரைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் சாவியைக் கொடுத்தார்கள். இருபத்தொன்பது பிள்ளைகள், காலை ஆறே முக்காலுக்கு முதல் வீடு. வலது கையால்தான் கதவைத் திறக்கிறேன்.

ஜனவரி ஆறாம் தேதிக்கு இப்போதே லீவு கேட்டுவிட்டேன். அந்தக் காலித் தட்டை இறந்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கு வேறு தட்டு வை.

உன் தம்பி
ஸ்லாவ்கோ